டிரைவரைக் கொன்றது யார்?

‘தி பிக் ஸ்லீப்’ படத்தை இரண்டு முறை பார்த்தும் கதை பிடிபடவில்லை, அந்த டிரைவரைக் கொன்றது யார் என்றே தெரியவில்லை, என் கவனத்தில்தான் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய மர்மப் படங்களையும் பல்ப் கதைகளையும் எங்கிருந்து தொடங்குவது, படம் முதலிலா புத்தகம் முதலிலா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

டிரைவர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் கவனத்தில் ஒரு கோளாறும் இல்லை. படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோதே இயக்குநர் ஹவர்ட் ஹாக்ஸுக்கும் கதாநாயகன் ஹம்ஃப்ரி போகார்ட்டுக்கும் இதே விவாதம் வந்தது. கடலுக்குள் காரோடு கிடந்த அந்த ஆளை யாராவது கொன்றார்களா, தானாகவே செத்தானா? விடை தெரியாமல், நாவலை எழுதிய ரேமண்ட் சாண்ட்லருக்கே தந்தி அடித்துக் கேட்டார்கள். தனக்கும் தெரியவில்லை என்பதை சாண்ட்லரே பின்னால் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

பலரும் இதை ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அப்படிப் போக மனம் வருவதில்லை. ஒரு சாவு எப்படி நடந்தது என்று எழுதியவருக்கே தெரியாத ஒரு மர்மக் கதை 80 வருஷத்துக்கு மேல் எப்படி நிற்கிறது? இதற்குப் பதில் தேடிப் போனால் நீங்கள் கேட்ட மற்றதற்கும் வழியிலேயே பதில் கிடைத்துவிடும்.

அந்த நாவல் 1939-ல் வந்தது. சாண்ட்லரின் முதல் நாவல். பத்திரிகைகளுக்கு எழுதிய தன் பழைய கதைகளில் ‘கில்லர் இன் த ரெயின்’, ‘த கர்ட்டன்’ என்ற இரண்டைப் பிரித்தெடுத்து, ஒன்றோடு ஒன்றைத் தைத்து, விரித்து எழுதியதுதான் அதன் பெரும்பகுதி. ஒரு கதையில் வந்த அப்பாவும் இன்னொரு கதையில் வந்த கிழட்டு ஜெனரலும் நாவலில் ஒரே ஆளாகிவிட்டார்கள். இரண்டு துணியைச் சேர்த்துத் தைத்தால் எங்காவது ஒரு பிசிறு நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த டிரைவர் அப்படிப்பட்ட ஒரு பிசிறு.

சரி, ஒரு எழுத்தாளர் ஏன் இப்படித் தைக்க வேண்டும்? அதற்கு அவர் எங்கே தொழில் கற்றார் என்று பார்க்க வேண்டும்.

பல்ப் என்பது மரக்கூழ். அந்தக் கூழில் செய்த மிக மலிவான தாளில் அச்சடித்த கதைப் பத்திரிகைகளுக்கு அமெரிக்காவில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1896-ல் ‘ஆர்கசி’ பத்திரிகை முழுக்க முழுக்கக் கதைகளாக, இந்தத் தாளில் வரத் தொடங்கியது. அதிலிருந்துதான் பல்ப் காலத்தைக் கணக்கிடுவது வழக்கம். வழவழப்பான தாளில் வந்த பணக்காரப் பத்திரிகைகளுக்கு ‘ஸ்லிக்’ என்று பெயர். பல்ப் தாளில் மரத்தின் லிக்னினும் அமிலமும் அப்படியே தங்கிவிடுவதால் சில வருஷங்களிலேயே அது பழுத்துப் பழுப்பாகி, பக்கத்தைத் திருப்பினாலே ஓரம் பொடிப்பொடியாக உதிரும். படித்துவிட்டுத் தூக்கிப் போடுவதற்கென்றே செய்த பொருள். எழுதியவர்களுக்கும் அது தெரியும். வார்த்தைக்கு ஒரு சென்ட் என்பதுதான் பரவலாக இருந்த கூலி.

சாண்ட்லர் இந்த உலகத்துக்குள் வந்தது சாதாரண வழியில் இல்லை. ஓர் எண்ணெய் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். குடியும் வேலைக்கு மட்டம் போடுவதும் சேர்ந்து 1932-ல் வேலை போயிற்று. வயது 44. பல்ப் பத்திரிகைகளை வாங்கிப் படித்து, எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் எழுதிய ஒரு கதையை எடுத்துச் சுருக்கம் எழுதி, அந்தச் சுருக்கத்திலிருந்து கதையைத் தானே திரும்ப எழுதிப் பார்த்து, மூலத்தோடு ஒப்பிட்டுத் தொழில் கற்றார். தன் முதல் கதைக்கு ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார். ‘பிளாக் மாஸ்க்’ பத்திரிகையில் 1933 டிசம்பரில் அது வெளியானபோது கிடைத்தது 180 டாலர். ஐந்து மாத உழைப்புக்கு அவ்வளவுதான்! அப்படிச் செதுக்கிய வரிகளை, உதிர்ந்து போகிற தாளில் விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. பின்னால் எடுத்து நாவலில் வைத்துத் தைத்தார்.

‘பிளாக் மாஸ்க்’ பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1920-ல் எச். எல். மென்கனும் ஜார்ஜ் ஜீன் நேதனும் இதைத் தொடங்கியது, தாங்கள் நடத்திக்கொண்டிருந்த ‘ஸ்மார்ட் செட்’ என்ற இலக்கியப் பத்திரிகைக்குப் பணம் புரட்டத்தான். இதன்மேல் அவர்களுக்கு மரியாதை கிடையாது. எட்டு இதழ் போட்டுவிட்டு 12,500 டாலருக்கு விற்றுவிட்டார்கள். அவர்கள் கைகழுவிய பத்திரிகையில்தான் அடுத்த சில வருஷங்களில் அமெரிக்கக் குற்றக் கதையின் பாஷையே மாறியது. 1926-லிருந்து 1936 வரை ஆசிரியராக இருந்த ஜோசப் ஷாவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. தேவையில்லாத வார்த்தையைச் சகிக்காத ஆசிரியர். வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களை வைத்துக்கொண்டு சுருக்கமாக எழுதவைத்தது சின்ன சாதனை இல்லை.

அங்கே எழுதிய எல்லோரும் பெரிய எழுத்தாளர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த முரட்டுத் துப்பறிவாளர் வகையைத் தொடங்கிவைத்தவர் என்று கேரல் ஜான் டேலியைச் சொல்வார்கள். 1923-ல் அவருடைய ரேஸ் வில்லியம்ஸ் அறிமுகமானபோது வாசகர்கள் கொண்டாடினார்கள். இன்று படித்தால் இரண்டு பக்கம் தாண்டாது. பல்ப் மொத்தத்தையும் எடுத்தால் பாதிக்கு மேல் குப்பை. வெள்ளையர் அல்லாதவர்களை அவர்கள் எழுதிய விதத்தைப் படிக்கும்போது பல இடங்களில் எனக்குப் புத்தகத்தை மூடிவிடத் தோன்றியிருக்கிறது. ஆனால் அந்தக் குவியலுக்கு நடுவே டாஷியல் ஹாமெட் இருந்தார்.

ஹாமெட் உண்மையிலேயே துப்பறியும் வேலை பார்த்தவர், பிங்கர்டன் ஏஜென்சியில். அவருடைய ‘த மால்டீஸ் ஃபால்கன்’ 1929 செப்டம்பரிலிருந்து 1930 ஜனவரி வரை ‘பிளாக் மாஸ்க்’கில் ஐந்து பகுதிகளாக வந்தது. அதன் இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தை மட்டும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். இருட்டில் டெலிபோன் மணி அடிக்கிறது. மூன்று முறை அடித்த பிறகு கட்டில் கிறீச்சிடுகிறது. விரல்கள் மரத்தைத் துழாவுகின்றன. சின்னதாக, கெட்டியாக ஏதோ ஒன்று தரைவிரிப்பில் விழுகிறது. ஓர் ஆண் குரல் பேசுகிறது. பேசுவதும் அரைகுறை வார்த்தைகள்தான். செத்துவிட்டானா என்று ஒரு வார்த்தை. பதினைந்து நிமிடத்தில் வருகிறேன் என்பது போல ஒன்று. அப்புறம்தான் விளக்கு எரிகிறது, ஆளைப் பார்க்கிறோம். அதற்கடுத்து அந்த ஆள், நாவலின் துப்பறிவாளன் சாம் ஸ்பேட், ஒரு சிகரெட் சுருட்டுகிறான். தாளை வளைப்பது, புகையிலையைப் பரப்புவது, நடுவில் லேசாகப் பள்ளமாக்குவது, பெருவிரலால் உருட்டுவது, நாக்கால் ஈரம் தொட்டு ஒட்டுவது என்று ஒரு நீண்ட பத்தி முழுக்க விரல்கள்தான்.

இதில் ஹாமெட் செய்திருப்பதைக் கவனியுங்கள். ஸ்பேடின் கூட்டாளி சுடப்பட்டுச் செத்துப்போயிருக்கிறான். ஸ்பேடுக்குத் துக்கமா, நிம்மதியா, பயமா? ஒரு வார்த்தை கிடையாது. அவன் மனதுக்குள் ஆசிரியர் நாவல் முழுக்க ஒரு தடவைகூட எட்டிப் பார்ப்பதில்லை. சிகரெட் சுருட்டும் அந்த விரல்கள் நடுங்கவில்லை என்பதை மட்டும் நாம் பார்க்கிறோம். அதை வைத்து அவன் எப்படிப்பட்டவன் என்று நாமே முடிவுகட்ட வேண்டியிருக்கிறது. முடிவுகட்டியதைக் கடைசி அத்தியாயம் வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இதை எழுதும்போது ஹாமெட்டிடம் கேமரா இல்லை, ஆனால் அந்தப் பத்தி அப்படியே ஒரு ஷாட். 1941-ல் ஜான் ஹியூஸ்டன் தன் முதல் படமாக இதை எடுத்தபோது கேமராவை டெலிபோன் மேலும் பின்னால் இருக்கும் ஜன்னல் மேலும் வைத்துவிட்டு, போகார்ட்டின் குரலை மட்டும் கேட்கவைத்தார். அதே நாவல் 1931-லும், பெயரும் குணமும் மாறி 1936-லும் படமாகியிருக்கிறது. அவற்றை இன்று ஆராய்ச்சிக்குத்தான் பார்க்கிறார்கள். ஹியூஸ்டன் புத்தகத்தைக் கிட்டத்தட்ட சீன் சீனாகப் பின்தொடர்ந்தார், படம் நின்றுவிட்டது.

ஒன்றை மட்டும் அவர் எடுக்கவில்லை. நாவலின் நடுவில் ஸ்பேட் ஒரு கதை சொல்வான். ஃபிளிட்கிராஃப்ட் என்று ஒருவர். வீடு, மனைவி, பிள்ளைகள், நல்ல வியாபாரம். ஒருநாள் மதியம் தெருவில் நடந்துபோகும்போது கட்டடத்திலிருந்து ஓர் உத்திரம் பக்கத்தில் வந்து விழுகிறது. மயிரிழையில் தப்பிக்கிறார். வாழ்க்கை இவ்வளவு தற்செயலானதா என்று அதிர்ந்து, வீட்டுக்குச் சொல்லாமலேயே ஊரைவிட்டுப் போய்விடுகிறார். சில வருஷம் கழித்து ஸ்பேட் அவரைக் கண்டுபிடிக்கும்போது இன்னொரு ஊரில் இன்னொரு மனைவி, இன்னொரு குழந்தை, அதே மாதிரி வியாபாரம். உத்திரம் விழும் உலகத்துக்கு ஏற்ப மாறினார். அப்புறம் எதுவும் விழவில்லை, விழாத உலகத்துக்குப் பழகிக்கொண்டார். கதையின் மர்மத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் அந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்த இரண்டு பக்கம் அதுதான். இதற்காகவே புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று சொல்வேன்.

இப்போது உங்கள் குழப்பத்துக்குத் திரும்பி வருவோம். பிளாக் மாஸ்க் பாணிக் கதைகளில் கதைமுடிச்சைவிட சீன்தான் பெரியது என்று சாண்ட்லர் பின்னால் விளக்கியிருக்கிறார். நல்ல சீன்களுக்கு இடம் கொடுக்கும் முடிச்சே நல்ல முடிச்சு. கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோயிருந்தாலும் நாம் படிக்கக்கூடிய கதைதான் அவருக்கு லட்சிய மர்மக் கதை. அகதா கிறிஸ்டியை நினைத்துக்கொண்டு இதைக் கேட்டால் அதிர்ச்சியாக இருக்கும். அங்கே கடைசி அத்தியாயம்தான் எல்லாம். ரொனால்ட் நாக்ஸ் 1929-ல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளே போட்டார். வாசகரிடம் மறைக்காமல் எல்லாத் துப்பையும் முன்னால் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். அது எழுத்தாளரும் வாசகரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் ஆட்டம். எனக்கும் அந்த ஆட்டம் பிடிக்கும். ஆனால் அந்த ஆட்டத்தின் விதிகளோடு ‘தி பிக் ஸ்லீப்’ பார்க்க உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் வரும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் ஆயிற்று. பெயர்களைத் தாளில் எழுதி, கோடு போட்டு இணைத்துக்கொண்டே பார்த்ததில், பார்க்க வேண்டியதை எல்லாம் தவறவிட்டேன்.

படம் புரியாமல் போனதற்கு இன்னும் இரண்டு காரணம் உண்டு. முதலாவது தணிக்கை. கைகர் என்ற ஆளின் புத்தகக் கடை ஞாபகம் இருக்கிறதா? பழைய அபூர்வப் புத்தகம் விற்பதாகச் சொல்லிக்கொண்டு அங்கே ஏதோ நடக்கிறது. என்ன நடக்கிறது என்று படம் கடைசி வரை சொல்லாது. நாவலில் அது ஆபாசப் புத்தகங்களை வாடகைக்கு விடும் ரகசியக் கடை. கைகருக்கும் அவன் வீட்டில் இருக்கும் இளைஞனுக்கும் உள்ள உறவும் நாவலில் வெளிப்படையாக உண்டு. ஹாலிவுட்டில் 1934-லிருந்து பல வருஷம், படத் தணிக்கையை நடத்திய ஜோசப் ப்ரீன் அலுவலகத்தின் முத்திரை இல்லாமல் பெரிய ஸ்டூடியோ எதுவும் படம் வெளியிட முடியாமல் இருந்தது. இதையெல்லாம் திரையில் சொல்ல வழியே இல்லை. காரணங்களை உருவிவிட்டு விளைவுகளை மட்டும் விட்டுவைத்தால் கதை புரியாமல்தான் போகும்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் சுவாரஸ்யமானது. படம் 1945-லேயே ஒரு வடிவத்தில் தயாராகிவிட்டது, வெளிநாட்டில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குத் திரையிட்டும் காட்டினார்கள். அந்த வடிவத்தில், அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் உட்கார்ந்து, போகார்ட் நடித்த துப்பறிவாளன் மார்லோ நடந்ததை எல்லாம் அவருக்கு விளக்கிச் சொல்லும் ஒரு நீண்ட சீன் இருந்தது. நீங்கள் தேடிய விளக்கத்தில் பெரும்பகுதி அதில் உண்டு! போகார்ட்டும் கதாநாயகி லாரன் பகாலும் சேர்ந்து வரும் காட்சிகள் போதவில்லை என்று தோன்றியதால், சில காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்து, அந்த விளக்க சீனைத் தூக்கிவிட்டு, 1946-ல் வெளியிட்டார்கள். பழைய வடிவமும் 1997-ல் வெளியே வந்துவிட்டது, இரண்டையும் பார்த்து ஒப்பிடலாம். விளக்கம் இருக்கும் படம் தெளிவாக இருக்கிறது, இழுக்கிறது. விளக்கம் இல்லாத படம் குழப்பமாக இருக்கிறது, ஆனால் ஒரு நிமிடம் சலிக்கவில்லை.

தணிக்கையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ‘டபுள் இன்டெம்னிட்டி’ படத்தையும் சொல்லிவிடுகிறேன். 1927-ல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்ற பெண்ணும் அவளுடைய காதலன் ஜட் கிரேயும் சேர்ந்து அவள் கணவனைக் கொன்ற வழக்கு நாட்டையே உலுக்கியது. கணவன் பெயரில் இன்சூரன்ஸ் எடுத்திருந்தார்கள். விபத்துச் சாவு என்றால் இரட்டிப்புத் தொகை. ஜேம்ஸ் எம். கெய்ன் அந்த வழக்கிலிருந்து தன் கதைக்கு விதையை எடுத்தார். 1936-ல் பத்திரிகைத் தொடராக வந்த அந்தக் கதையைப் படமாக்கக் கூடாது என்று ப்ரீன் அலுவலகம் பல வருஷம் தடுத்தே வைத்திருந்தது. கெய்னுடைய 1934 நாவலான ‘த போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்’ அமெரிக்காவில் படமாவதற்கு 1946 ஆயிற்று.

1944-ல் பில்லி வைல்டர் ‘டபுள் இன்டெம்னிட்டி’யை எடுத்தபோது திரைக்கதைக்குக் கூட உட்கார்ந்தவர் நம் சாண்ட்லர். இரண்டு பேருக்கும் ஒத்தே போகவில்லை. ஆனால் வேலை நடந்தது. கெய்னின் வசனம் தாளில் படிக்கத்தான் நன்றாக இருக்கிறது, வாயால் பேசினால் உட்காரவில்லை என்று சாண்ட்லர் சொன்னார். நடிகர்களை விட்டு வாசித்துப் பார்த்தபோது அதுதான் உண்மை என்று தெரிந்தது. பல்ப் எழுத்திலேயே கண்ணுக்கு எழுதுவது, காதுக்கு எழுதுவது என்று இரண்டு ரகம் உண்டு என்பது எனக்கு இதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

அந்தப் படத்தில் ஒரு கதவு வரும். இன்சூரன்ஸ் ஏஜென்ட் நெஃபின் வீட்டுக்கு அவனுடைய மேலதிகாரி கீஸ் திடீரென்று வந்துவிட்டுக் கிளம்புகிறார். அதே நேரத்தில், நெஃபோடு சேர்ந்து தன் கணவனைக் கொன்ற ஃபிலிஸ் வராந்தாவில் வந்து நிற்கிறாள். நெஃப் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, திறந்த கதவுக்குப் பின்னால் அவள் ஒளிந்துகொள்கிறாள். கீஸ் லிஃப்டுக்குப் போகிறார், திரும்புகிறார், நெஃபிடம் தீப்பெட்டி கேட்பதுபோல் கையை நீட்டுகிறார். நெஞ்சு படபடக்கும். யோசித்துப் பாருங்கள், வீட்டுக் கதவு வராந்தாப் பக்கம் திறக்குமா? உள்பக்கம்தானே திறக்கும்? வைல்டருக்கு அது தெரியாமல் இருக்காது. சீன் கேட்டது, கதவு வெளிப்பக்கம் திறந்தது. டிரைவர் விஷயத்தில் சாண்ட்லர் செய்ததும் இதுதான்.

விஷவாயு அறையில் நெஃபுக்கு மரண தண்டனை நிறைவேற்றுவதுபோல் ஒரு முடிவையும் வைல்டர் படம்பிடித்திருந்தார். செலவு செய்து செட் போட்டு எடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, கீஸும் நெஃபும் வாசலருகே பேசும் சின்ன சீனோடு படத்தை முடித்தார். அதில் என்ன நடக்கிறது என்று சொல்லி உங்கள் அனுபவத்தைக் கெடுக்கமாட்டேன், அந்தத் தீக்குச்சியை மட்டும் படம் முழுக்கக் கவனித்துக்கொண்டே வாருங்கள். இன்னொன்றும் உண்டு. நெஃப் அலுவலகத்தில் நடந்து வரும்போது வெளியே நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து பேப்பர்பேக் படித்துக்கொண்டிருப்பார். அது சாண்ட்லர்தான்.

இந்தப் படங்களை ‘நுவார்’, பிரெஞ்சில் கறுப்பு, என்று அழைக்கிறோமே, எடுத்தவர்கள் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. போர்க்காலத்தில் ஜெர்மன் ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த பிரான்ஸுக்கு அமெரிக்கப் படங்கள் வரவில்லை. 1946-ல் சில வருஷப் படங்கள் ஒரே மூச்சில் பாரிஸுக்கு வந்து இறங்கியபோது, விமர்சகர் நினோ ஃபிராங்க் இவற்றில் ஒரு புது இருட்டைக் கண்டு அந்தப் பெயரை எழுதினார். அதற்கு முந்தைய வருஷம்தான் காலிமார் பதிப்பகம் ‘செரி நுவார்’ என்ற பெயரில் குற்ற நாவல் வரிசையைத் தொடங்கியிருந்தது. ஆக, பெயரிலேயே புத்தகமும் படமும் பின்னிக்கிடக்கின்றன.

இருட்டுக்குக் காரணம் கேட்டால் ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசம், அதாவது நிழலும் கோணலுமாகக் காட்டும் பழைய ஜெர்மன் படப் பாணி, என்று உடனே சொல்வார்கள். வைல்டர், ஃபிரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக் எல்லோரும் ஹிட்லர் வந்த பிறகு வெளியேறியவர்கள், அவர்களோடு அந்த நிழல்களும் வந்தன என்பது உண்மைதான். என் அனுபவத்தில் பணமில்லாமையையும் அதற்கு இணையாகச் சொல்ல வேண்டும். எட்கர் உல்மர் 1945-ல் ‘டீடூர்’ படத்தை ஒரு மிகச் சின்ன ஸ்டூடியோவுக்காக எடுத்தார். நியூயார்க் தெரு வேண்டும், செட் இல்லை. என்ன செய்தார்? புகையைப் போட்டுத் திரையை மறைத்து, ஒரு தெருப்பலகையைக் காட்டி, இரண்டு பேரை மூடுபனிக்குள் நடக்கவிட்டார். கதாநாயகன் லிஃப்ட் கேட்டுப் போகும் சில ஷாட்டுகளில் படச்சுருளை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருப்பதால் கார்கள் தப்பான பக்கத்தில் ஓடும். எல்லாக் குறையும் பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் விதி காலைத் தட்டிவிட்டு விழவைக்கிற பயத்தை அந்த 70 நிமிடப் படம் அளவுக்குக் கொடுத்த பெரிய படங்கள் குறைவு. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டன் இதே கஞ்சத்தனத்தை ஒரு கலையாகவே ஆக்கினார். ‘த பிக் காம்போ’வின் கடைசி ஷாட்டில் புகையும் ஒரு விளக்கும் இரண்டு நிழலுருவமும் மட்டும்தான் இருக்கும்.

எனக்கு நெருக்கமான பல்ப் எழுத்தாளர் யார் என்று கேட்டால் சாண்ட்லர் இல்லை, கார்னெல் உல்ரிச். ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ 1942-ல் ‘டைம் டிடெக்டிவ்’ பத்திரிகையில் வந்த இவர் கதைதான். கதையில் காதலி கிடையாது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பவன் ஏன் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான் என்பது கடைசியில், மாவுக்கட்டைப் பிரிக்க டாக்டர் வரும்போதுதான் தெரியும்! வில்லியம் ஐரிஷ் என்ற பெயரில் இவர் எழுதிய ‘ஃபேன்டம் லேடி’யில் அத்தியாயத் தலைப்புகளே, மரண தண்டனைக்கு இத்தனை நாள் முன்பு என்று குறைந்துகொண்டே வரும். முதல் அத்தியாயம் 150-வது நாள், அப்போது கொலை பற்றியே நமக்குத் தெரியாது. கொலை தெரியும் முன்பே தண்டனை நாள் தெரிந்துவிடுகிறது. உல்ரிச்சின் முடிச்சுகளில் ஓட்டை தேடினால் கைநிறையக் கிடைக்கும். படிக்கும்போது தேட நேரம் இருக்காது. பெரும்பாலான வாழ்நாளை ஹோட்டல் அறைகளில், அதிலும் பல வருஷம் தாயோடு கழித்தவர். தனியறை பயத்தை அவரைப்போல் எழுதினவர்கள் இல்லை.

பெண்களை இந்தப் பேச்சில் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். ‘தி பிக் ஸ்லீப்’ திரைக்கதையில் வில்லியம் ஃபாக்னரோடு சேர்ந்து எழுதியவர் லீ ப்ராக்கெட். அவருடைய முரட்டு நாவல் ஒன்றைப் படித்துவிட்டு, அந்த ஆளைக் கூப்பிடு என்று ஹாக்ஸ் சொல்ல, வந்து நின்றது ஒரு இளம்பெண். டோரதி பி. ஹியூஸ் 1947-ல் எழுதிய ‘இன் எ லோன்லி ப்ளேஸ்’ இந்த வகையிலேயே மிகத் துணிச்சலான புத்தகங்களில் ஒன்று. பெண்களைக் கொல்லும் ஒருவனின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டே, அவனைச் சுற்றியிருக்கும் பெண்கள் அவனைக் கண்டுகொள்வதை நமக்குக் காட்டுகிறார். 1950-ல் வந்த படம் பெயரை வைத்துக்கொண்டு கதையை ஏறக்குறைய புதிதாக எழுதியது. அதுவும் அருமையான படம். இரண்டும் தனித்தனிப் படைப்பு, எதையும் விட வேண்டாம்.

பல்ப் பத்திரிகைகள் போருக்குப் பிறகு தேய்ந்துபோயின. ‘பிளாக் மாஸ்க்’ 1951-ல் நின்றது. பாக்கெட் புக்ஸ் 1939-லேயே 25 சென்ட் விலையில் பேப்பர்பேக் கொண்டுவந்துவிட்டது. 1950-ல் ‘கோல்ட் மெடல்’ வரிசை நேரடியாகப் பேப்பர்பேக்கிலேயே புது நாவல்களைப் போட ஆரம்பித்து, அச்சிட்ட பிரதிகளின் கணக்குக்கே எழுத்தாளருக்குப் பணம் கொடுத்தது. பத்திரிகைக்காரர்கள் எல்லாம் அங்கே நகர்ந்தார்கள். இந்தப் பேப்பர்பேக் காலத்தில் ஒரே ஒரு புத்தகம் சொல் என்றால் ஜிம் தாம்சனின் ‘த கில்லர் இன்சைட் மீ’, 1952. தன் கதையைத் தானே சொல்லும் ஒரு போலீஸ் துணை அதிகாரி. யாரையாவது சித்திரவதை செய்ய வேண்டும் என்றால், தேய்ந்துபோன பழமொழிகளை ஒன்றன்பின் ஒன்றாக அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பான். எதிரில் இருப்பவர் நெளிவதை ரசிப்பான். இது ஆரம்பம்தான், போகப்போகப் புத்தகம் மிகக் கொடூரமாகும், மனம் தயாராக இருக்கும்போது மட்டும் எடுங்கள்.

வரிசை என்று கேட்டீர்களே. நான் சொல்வது: ‘மால்டீஸ் ஃபால்கன்’, புத்தகம் முதலில், படம் அப்புறம். அந்த டெலிபோன் மணியைக் கண்ணால் கேட்டுவிட்டு, அப்புறம் காதால் கேளுங்கள். அடுத்தது ‘டபுள் இன்டெம்னிட்டி’, இங்கே படம் முதலில். பிறகு உல்ரிச்சின் சிறுகதைகள் நாலைந்து, இரவில். ‘டீடூர்’ எப்போது வேண்டுமானாலும். இவை முடிந்த பிறகு ‘தி பிக் ஸ்லீப்’புக்குத் திரும்பிப் போங்கள், மூன்றாவது முறையாக.

இந்தத் தடவை கொலைக்கணக்கு போட வேண்டாம். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், கைகரின் கடையைக் கண்காணிக்க மார்லோ எதிர்ப்பக்கம் இருக்கும் இன்னொரு புத்தகக் கடைக்குள் நுழைவான். நாவலில் இது கைகரின் அங்க அடையாளம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சின்ன இடம். படத்தில் டோரதி மலோன் அந்தக் கடைப்பெண். கைகர் எப்படி இருப்பான் என்று பார்க்காமலேயே வரிசையாகச் சொல்கிறாள். வெளியே இடி இடிக்கிறது, மழை பிடிக்கிறது. மார்லோ தன் பாக்கெட்டில் ஒரு பாட்டில் இருப்பதைச் சொல்கிறான். அவள் போய்க் கதவில் கடை மூடிவிட்டதாகப் பலகையைத் திருப்பி, திரையை இழுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, முடியை அவிழ்த்துவிடுகிறாள். கைகரைப் பார்த்ததும் மார்லோ கிளம்பிவிடுகிறான். அவள் அதற்கப்புறம் படத்தில் வரவே மாட்டாள்.